உன் அப்பாவுக்குப் போடாத ஊசி

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அப்பாவின் முகத்தைச் சுரண்டி எடுத்தேன். அடுப்பு மூட்டவில்லை, தலை முடியவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் தோசைத் திருப்பியுமாக எஸ்டேட்டின் காப்பிக் களத்துக்கு இறங்கினேன். ஸ்டோர் சுவரில் நீயும் உன் இயக்கத்துப் பிள்ளைகளும் நேற்று ஒட்டிவிட்டுப் போன போஸ்டர் பனியில் ஊறிக் கிடந்தது. மூன்றடி உயரத்துக்கு உன் அப்பா. பக்கத்தில் அவர் பெயர் போட்ட கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ். கீழே கொட்டை எழுத்தில், ‘ஊசி கொன்ற உத்தமர்.’ மைதாப் பசையை நன்றாகக் காய்ச்சியிருக்கிறீர்கள்; அந்த ஒன்றை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். எவ்வளவு தண்ணீர் விட்டுச் சுரண்டியும் இடது கண்ணும் பாதி மீசையும் பெயரவில்லை. ஆறரை மணிக்கு ஆட்கள் வந்து நின்றபோது அந்த ஒற்றைக் கண்ணுக்குக் கீழே நின்றுதான் பேர் கூப்பிட்டேன். முழங்கை வரை பசை.

இந்தக் கடிதத்தைக் ‘கண்ணு’ என்று தொடங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். இருபத்து நான்கு வருடமாக உன்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு வாய் வரவில்லை. உன்மேல் எனக்கு இருப்பது வருத்தம் அல்ல. வருத்தப்படும் அம்மாவைச் சமாளிக்க உனக்குத் தெரியும். தோளில் கை போட்டு, உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய். இது கோபம். உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ மைக் வைத்துப் பேசினாய், படம் பிடித்துப் போனில் பரப்பினாய், சுவரில் ஒட்டினாய். அதற்கான பதிலை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. யாரையெல்லாம் கூட்டிவைத்துப் பேசினாயோ அவர்களும், நீ படம் பரப்பிய அதே போனில், இதைப் படிக்கட்டும்.

நாகலூர் சமுதாயக் கூடத்தில் நீ பேசிய அன்று நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். நன்றாகப் பேசுகிறாய். உன் அப்பாவின் தொண்டை உனக்கு அப்படியே வந்திருக்கிறது. நம் மண், நம் உடம்பு, நம் மருந்து என்று தொடங்கினாய். வெளியிலிருந்து வருவதெல்லாம் நம் இனத்தை ஒழிக்க வருவது என்றாய். மெல்ல மெல்லக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியில் நிறுத்தினாய். அதுவரை ஜனங்கள் பாதிக் காது கொடுத்து, வெற்றிலை மென்றுகொண்டுதான் இருந்தார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தாய். “இது எங்கப்பாவோட சர்டிபிகேட்டுங்க. ஏப்ரல்ல ஊசி போட்டாங்க. ஜூன்ல எங்கப்பா இல்லைங்க. எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் இத எங்கிட்டச் சொல்லலைங்க.” எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உன் மார்க் ஷீட்டைத் தேடுகிறேன் என்று என் பீரோவைக் குடைந்தாயே, அப்போது எடுத்தது அது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்காமல் நேரே மேடைக்குக் கொண்டுபோனாய்.

அதற்குப் பிறகு இரண்டு புதன்கிழமைகள் போய்விட்டன. புதன்கிழமை இங்கே தடுப்பூசி நாள் என்று நீ மறந்திருக்க மாட்டாய். நர்ஸம்மா நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அங்கன்வாடியில் உட்கார்ந்தார். முதல் வாரம் ஒன்பது குழந்தைகள் வர வேண்டும், இரண்டு வந்தன. போன வாரம் ஒன்றுகூட வரவில்லை. பெட்டியைத் திறக்காமலே கடைசி பஸ்ஸுக்குப் போனார். கீழ் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இப்போது இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. இந்த மலையில் ஏது வேப்பமரம்? மலையடிவாரக் குப்பனூருக்குச் சொல்லியனுப்பி பஸ்ஸில் வரவழைத்த வேப்பிலை. தட்டம்மை. அதில் ஒரு பிள்ளைக்குச் சளி நெஞ்சில் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அடுத்த வாசல் மல்லிகாவுடையது; அங்கே இன்னும் வேப்பிலை ஏறவில்லை. அவள் மகனுக்கு ஒன்பதாம் மாத ஊசி, தட்டம்மைக்கான ஊசி, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. நான் நேரில் போய்க் கேட்டேன். மிளகுக் கொடி கட்டிய கையைத் துடைத்துக்கொண்டு அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்: “ஏனுங்க ரைட்டரம்மா, உங்க ஊட்டுக்காரருக்கே அப்படி ஆயிப்போச்சு. சர்டிபிகேட்டே இருக்குதுங்களே. நீங்களே இத்தன வருசமா வாயத் தொறக்கல. நான் எந்தத் தைரியத்துல எம்புள்ளையக் கொண்டு போவேன்?” நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்கு அந்த ஊசி போடப்படவே இல்லை. அவர் கையில் ஒரு சொட்டு மருந்து இறங்கவில்லை. நீ மேடையில் விரித்துக் காட்டிய சான்றிதழ் பொய். அந்தப் பொய்யைச் செய்தது எந்தக் கம்பெனியும் இல்லை, எந்த அரசாங்கமும் இல்லை. நான்தான். எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில், என் பத்து விரலால், மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் செய்தேன்.

எப்படி என்று சொல்கிறேன். என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இந்த எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் எழுதி, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்துவிடுவது என் பொறுப்பு. சேலத்தில் பி.ஏ. படித்துவிட்டு வந்தவள் என்பதால் கிடைத்த வேலை. இதில் ஒரு வழக்கம் உண்டு. களத்துக்கு வந்து நின்ற பிறகு மழை பிடித்துக்கொண்டு, வேலை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினாலும், அவர்கள் பேருக்கு நேரே ‘வந்தார்’ என்று எழுதியாக வேண்டும். வேலை நடந்ததா என்பது வேறு, ஆள் வந்தாரா என்பது வேறு. வந்தவரை வராதவர் என்று எழுதினால் களத்தில் கல் பறக்கும். ஜீப் டிரைவரான உன் அப்பாவும் அந்த நோட்டில் ஒரு பேர்தான். ஆனால் அவர் பேரை மட்டும் நான் கூப்பிட்டதில்லை. பி.ஏ. படித்திருந்தும் புருஷன் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது, “ஜீப்பு” என்பேன். அவர் பின்வரிசையிலிருந்து, “ஜீப்பு நல்லா இருக்குதுங்க ரைட்டரம்மா, டிரைவருக்குத்தான் காப்பித் தண்ணி பத்தல” என்பார். தினமும் அதே பதில். தினமும் ஜனம் சிரிக்கும்.

அவர் கட்சிக்காரர். நாகலூர்க் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்றக் கட்சிக்காரர்கள் இது தங்களுக்கு இல்லை என்று இதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். கட்சித் தலைமை ஊசியைப் பற்றித் தவறாக எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் கிளைக்காரர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டதுதான் எல்லாம். கொரோனா ஊசி வந்த அந்தத் தேர்தல் நேரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலமானால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஊசிக்கு அங்கே வைத்த பெயர் ‘அவனுங்க ஊசி’. அவனுங்க என்றால் எங்களுக்குப் பிடிக்காத அந்தப் பக்கம். அவனுங்க ரோடு போட்டால் காண்ட்ராக்டருக்கு, அவனுங்க அரிசி கொடுத்தால் ஓட்டுக்கு, அப்படியானால் அவனுங்க ஊசி எதற்கு என்று கேள்வி போகும். பதிலை யாரும் தேடியதில்லை. கேள்வியே அத்தனை ருசியாக இருந்தது. நான் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். நானும் நின்று பேசினேன். படித்தவள் என்பதால் என் பேச்சுக்கு எடை அதிகம். மொதல்ல அவனுங்க போட்டுக்கட்டும், நாம வேடிக்க பாப்போம் என்று சிரிப்பு மூட்டியதே நான்தான். அந்த வெறுப்பு எனக்கு இனித்தது. நாள் முழுக்க மேனேஜரிடம் தலையாட்டிவிட்டு வருகிற ஒருத்திக்கு, சாயங்காலம் யாரையாவது முழுசாக வெறுக்கக் கிடைப்பது பெரிய ஓய்வு. நீ மேடையில் நிற்கும்போது உன் முகத்தில் அந்த ஓய்வைத்தான் பார்த்தேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

ஆனால் இதையும் எழுத வேண்டும். அதே மனிதர்தான் உன்னை ஒன்பதாம் மாத ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனவர். நல்ல மழை. எஸ்டேட் ஜீப்பை யாரையும் கேட்காமல் எடுத்து, என்னையும் உன்னையும் ஏற்றி, லைன் லைனாக நிறுத்தி, கைக்குழந்தையோடு இருந்த அத்தனை பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். பின்னால் ஏழெட்டுக் குழந்தைகள் ஒன்றையொன்று பார்த்து அழுதன. சேற்றில் ஜீப் சிக்கியபோது அம்மாக்கள் இறங்கித் தள்ளினார்கள். மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். அடுத்த மாதம் மறுபடியும் போனார். அன்றைக்கு அது யாருடைய ஊசி என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைக்கு அம்மை வரக் கூடாது, அவ்வளவுதான். பதினெட்டு வருடத்தில் ஊசி மாறிவிட்டதா? கொடுக்கிறவர்மேல் இருந்த கண் மாறிவிட்டது. உன் தோளில் பிறந்த வாரத்தில் போட்ட ஊசியின் வட்டத் தழும்பு இருக்கிறது. அடுத்த மேடையில் சட்டையைக் கழற்றி அதையும் ஜனங்களுக்குக் காட்டு.

இப்போது அந்த ஏப்ரலுக்கு வருகிறேன். ஓட்டுப் போட்டாகிவிட்டது, முடிவு வரவில்லை. எல்லோர் விரலிலும் மை. எஸ்டேட் களத்திலேயே முகாம் வைத்தார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் போட வேண்டும், போடாதவருக்கு அடுத்த வாரம் முதல் பேர் கிடையாது, வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கிளைக்காரர்கள் பதினொரு பேர் தனியாக ஸ்டோர் நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் உன் அப்பா, தோளில் கட்சிக்கரைத் துண்டு. நர்ஸம்மா அருகில் போய்க் கெஞ்சிப் பார்த்தார். “மை வெச்ச வெரலு இது, அவனுங்களுக்கு எதிரா வெச்சது. இதே கையில அவனுங்க ஊசியா?” என்று உன் அப்பா விரலைத் தூக்கிக் காட்டினார். பெரிய கைதட்டல். நானும் சிரித்தேன். நர்ஸம்மா பெட்டியை மூடினார்.

களத்தில் சிக்னல் கிடையாது. ஊசி போட்டவர்களின் பட்டியலை நர்ஸம்மா கையால் எழுதி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னை நம்பினார், அவர் செய்த பிழை அது ஒன்றுதான். நான் ஒவ்வொரு பேராக ஏற்றினேன். முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அடுத்த வாரம் பதினொரு பேருக்கு வேலை இல்லை என்றால் மேனேஜருக்கும் கிளைக்கும் சண்டை, நடுவில் நான். இப்படிச் செய்தால் மேனேஜருக்குப் பட்டியல் நிறையும், கிளைக்காரர்களுக்கு மானம் நிற்கும், யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது. பதினொரு பேரையும், ஆபீஸ் ஃபைலில் இருந்த ஆதார் நம்பரோடு, போட்டுக்கொண்டவர்களாக ஏற்றினேன். எல்லோருக்கும் ஆபீஸில் இருந்த போன் நம்பர்களையே பிரித்துக் கொடுத்தேன், அவர்கள் போனுக்குத் தகவல் போகக் கூடாது என்று. வாயால் ஒருநாளும் சொல்லாத அவர் பேரை அன்றைக்கு எழுத்துக் கூட்டித் தட்டினேன். மேனேஜருக்குக் காட்ட எடுத்த பிரதியில் ஒன்றுதான் என் பீரோவில் இருந்தது. இதைச் செய்தபோது எனக்குப் பயம்கூட இல்லை, கெட்டிக்காரி என்று பெருமையாக இருந்தது. வராதவரை வந்ததாக எழுதக் கூடாது என்று நோட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தவள்தான் நான்.

மே மாதம் சேலத்திலிருந்து வந்த சேதிகள் உனக்கும் தெரியும். நீ அப்போது ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் வேண்டும் என்று மாமா வீட்டில் இருந்தாய். இங்கே அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் காலையில் குளித்துவிட்டு, கட்சிக்கரைத் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டு, வெறும் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். எங்கே என்று கேட்டதற்கு டயர் பார்க்க என்றார். கல்யாணமான நாள் முதல் அந்தத் துண்டு இல்லாமல் அவர் வெளியே போய் நான் பார்த்ததில்லை. ஏற்காட்டுக்குப் போகவில்லை, அங்கே ஆளுக்கு ஆள் தெரியும். குப்பனூர் ரோட்டில் இறங்கி, மலையடிவாரத்தில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு முகாமில் போய் வரிசையில் நின்றிருக்கிறார். களத்தில் விரலைத் தூக்கிக் காட்டிய மனிதர். இறங்கி வருவதற்கு அவருக்கு அத்தனை கிலோமீட்டர் தேவைப்பட்டது.

மதியம் திரும்பி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: “ஏம்புள்ள, எனக்குப் போன மாசமே ஊசி போட்டாச்சாமா. ரெண்டாவதுக்கு இன்னும் நாள் இருக்குதாமா. எந்தக் கையில போட்டீங்கன்னு கேட்டேன், அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே சிரிக்குது.” நான் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். அவருக்குப் புரிந்திருந்தது. எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் ஒருத்திதானே. திட்டுவார் என்று நினைத்தேன். “நல்லாத்தான் காப்பாத்துனே போ” என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு மிளகு அள்ளப் போனார். அன்று அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் இந்த ஐந்து வருடம் எனக்குக் கொஞ்சம் எளிதாகப் போயிருக்கும்.

அன்றைக்கே நான் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நர்ஸம்மாவுக்குப் போன் செய்து, பதிவு தப்பு, அவருக்கு ஊசி வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. ஒரு பேரைத் திருத்தினால் பதினொன்றும் வெளியே வரும். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், கிளையில் அவர் மானம் போகும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒன்பதாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நீயும் நின்றாய். அங்கே யாரும் அவரைக் கொல்லவில்லை. கட்டில் இல்லாத நேரத்தில் கட்டில் தேடிக் கொடுத்தார்கள், மூச்சுக்குக் காற்று கொடுத்தார்கள். ஏப்ரலில் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை முதலில் அவருடைய வீம்பு எடுத்தது. அவர் வீம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போன அன்று, நான் எடுத்தேன்.

அவர் போய் ஒரு மாதத்துக்குள் காற்று மாறியது. முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்களே முகாமுக்கு முன்வரிசையில் நின்றார்கள். ‘அவனுங்க ஊசி’ என்பது ‘நம்ம ஊசி’ ஆகிவிட்டது. மருந்து அதே மருந்து. பதினொரு பேரில் மிச்சமிருந்த பத்துப் பேருக்கும் முதல் ஊசியே இரண்டாவது ஊசி என்ற பெயரில் போடப்பட்டது. முதலாவது எப்போது போட்டார்கள் என்று ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை, எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. இப்போது நீ சான்றிதழைக் காட்டிய பிறகு அவர்களில் மூத்தவரான பொன்னுசாமி அண்ணன் டீக்கடையில் என்னை நிறுத்தினார். “ஏனுங்க தங்கச்சி, எங்களையெல்லாம் போட வேண்டாமுன்னு தடுத்துப்போட்டு, அண்ணன் மட்டும் கமுக்கமாப் போட்டுக்கிட்டாரு போல” என்றார். தன் முதல் ஊசியும் போடாமலே பதிவானதுதான் என்பதை அவர் வசதியாக மறந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ உத்தமர் என்று போஸ்டர் அடித்த மனிதர், உன்னால் இந்த ஊரில் இப்போது ஏமாற்றுக்காரர்.

கூட்டம் முடிந்த மறுநாள் போனில் அந்த வீடியோவை எடுத்துவிடு என்று நான் சொன்னபோது நீ கேட்டாய்: “உங்கள யாராச்சும் மெரட்டறாங்களாம்மா?” அம்மா சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம், ஆனால் அவளாகவே சொல்கிறாள் என்று உனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருவன் பின்னால் நிற்க வேண்டும். உன் இயக்கம் உனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். காய்ச்சல் என்றால் அதற்குப் பின்னால் யார், ஊசி என்றால் அதற்குப் பின்னால் யார், சாவு என்றால் அதற்குப் பின்னால் யார். சில சாவுகளுக்குப் பின்னால் ஒரு பயந்த பெண்ணும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும்தான் இருக்கும். அதை வைத்து மேடை போட முடியாது. மண்ணையும் மொழியையும் நீ நேசிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. கேள்வி கேட்காதே என்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை நிற்கும் பொறுமை உனக்கு இல்லை, உன் அப்பாவுக்கும் இருந்ததில்லை, எனக்கும் இல்லை. எங்களிடமிருந்து நீ எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதது அது. ஒரு மருந்தைக் கொடுக்கிற கையை மட்டும் பார்த்து முடிவெடுத்த குடும்பம் நம்முடையது. நம் வீட்டுக்கு என்ன ஆனது என்று நீ பார்த்தாய். இப்போது மல்லிகாவின் மகனுக்கு அதைச் செய்யப்பார்க்கிறாய். அவனுக்கு எந்தக் கட்சியும் தெரியாது. அவன் இன்னும் தவழ்கிறான்.

நான் செய்யப்போவதை இனி எழுதுகிறேன். இந்த நிமிடம் வரை யாருக்கும் சொல்லவில்லை. மேனேஜருக்குத் தெரியாது, நர்ஸம்மாவுக்குத் தெரியாது, பொன்னுசாமி அண்ணனுக்கும் தெரியாது. நாளை மறுநாள் புதன்கிழமை. ஆறரை மணிக்கு ஆட்கள் களத்தில் நிற்பார்கள். பிள்ளைக்காரிகளையும் வரச் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று சொல்லவில்லை. வழக்கமான பேர்கள் முடிந்ததும் இன்னொரு காகிதத்தை எடுத்துப் படிப்பேன். பதினொரு பேர். இவர்களுக்கு ஊசி போடாமலே போட்டதாக எழுதியது நான் என்று ஒவ்வொரு பேருக்கும் பிறகு சொல்வேன். வேலை போகலாம். போலீஸ் வரலாம். உன் ஆட்கள் அதையும் படம் பிடித்து, பார்த்தீர்களா, எல்லாச் சான்றிதழும் பொய் என்பார்கள். அதையும் யோசித்துவிட்டேன். சொல்லட்டும். பொய் சொன்னது ஊசி இல்லை, இந்தக் கை என்று தூக்கிக் காட்டுவேன். மல்லிகா அதற்குப் பிறகு நர்ஸம்மாவிடம் போவாளா மாட்டாளா, அது அவள் முடிவு. அவள் வழியில் கிடக்கிற உன் அப்பாவின் பிணத்தை மட்டும் நான் நகர்த்திவிடுவேன். நீ வருவதானால் ஆறரைக்குள் வா. மைக் தேவையில்லை.

பதினோராவது பேர் அவருடையது. ‘ஜீப்பு’ என்று கூப்பிட மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, சுவரில் மிச்சமிருக்கும் அந்த ஒற்றைக் கண்ணுக்குக் கீழே நின்று, அவர் பேரை முழுசாகக் கூப்பிடுவேன். காப்பித் தண்ணி பத்தல என்று பின்வரிசையிலிருந்து பதில் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேர் கூப்பிட்ட பிறகு நிற்க வேண்டிய நேரம் நின்றுவிட்டு, குப்பனூர் வரிசையில் நின்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் காலைக்காக, எல்லோரும் பார்க்க, அந்தப் பேருக்கு நேரே எழுதுவேன்: வந்தார்.